இரண்டாம் முறை கேட்கப்படும் கேள்வி: நூலகத்திலும் பணியிடத்திலும் விக்கி

ஒரு கேள்வி முதல் முறை வரும்போது வாயால் பதில் சொன்னால் போதும். அதே கேள்வி இரண்டாம் முறை வந்தால், பதிலைப் பக்கமாக எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் விக்கி வந்துவிட்டது. மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. விக்கி தொடங்குபவர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். நிறுவியதும் முகப்பில் நிறுவனத்தின் சின்னத்தை வைக்கிறார்கள். ‘நிர்வாகம்’, ‘கணக்கு’, ‘பணியாளர் நலன்’ என்று பகுப்புகளை அடுக்குகிறார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருமுறை திறந்து பார்த்தவர் வெற்றுப் பக்கத்தைக் கண்டு போய்விடுவார். அவரை மறுபடி அழைத்து வருவது கடினம்.

விக்கி என்றதும் விக்கிப்பீடியாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கலைக்களஞ்சியம் பின்னால் வந்தது. வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் 1980களின் இறுதியில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, யார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள், எந்த யோசனை யாரிடம் பிறந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பதிந்து வைக்க ஆப்பிளின் ஹைப்பர்கார்டு மென்பொருளில் ஒன்றோடொன்று இணைந்த அட்டைகளைச் செய்தார். அந்த எண்ணத்தையே இணையத்துக்குக் கொண்டுவந்து 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியைத் திறந்தார். நிரலாளர்கள் வேலையில் கண்டுகொண்ட உத்திகளை ஒருவருக்கொருவர் எழுதி வைக்கும் இடமாக அது இருந்தது. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில்தான் தொடங்கியது. உடன் வேலை செய்பவர்களுக்காகப் பிறந்த கருவியைத்தான் நாம் திரும்ப வேலையிடத்துக்குக் கொண்டுவருகிறோம்.

அறிவு எங்கே தங்கியிருக்கிறது

கல்லூரி நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் வந்தால் இறுதியாண்டு மாணவர்கள் நோ டியூ சான்றுக்கு வரிசையில் நிற்பார்கள். புத்தகத்தைத் தொலைத்த மாணவரிடம் என்ன வாங்குவது? அச்சில் இல்லாத புத்தகம் என்றால்? துறை நூலகத்தில் எடுத்த புத்தகத்தை யார் சரிபார்ப்பது? இதெல்லாம் கவுண்டரில் பல வருடம் இருந்த ஒருவருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போன நாளில் புதியவர் போனை எடுத்து, “சார், தொலைஞ்ச புக்குக்கு இப்போதைய விலையா, ரெஜிஸ்டர்ல இருக்கிற விலையா?” என்று கேட்பார். அவர் சொல்வார். அந்தப் பதில் அந்தத் தொலைபேசி உரையாடலோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றால் கேட்கவும் ஆள் இல்லை.

இதற்கு இன்றைக்குப் பலரும் நம்பியிருப்பது வாட்ஸ்ஆப் குழுவை. அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் காலையில் வந்த நல்ல பதில் மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு மேலே போய்விடுகிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையது பெரும்பாலும் தெரியாது. இன்னொரு வழி, வேர்டு கோப்பு. ஒரே விதிமுறை ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘ஃபைனல் திருத்தியது’ என்று மூன்று கணினிகளில் மூன்று விதமாகக் கிடக்கும். எது நடைமுறையில் இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விக்கி இந்த இரண்டு இடத்திலும் கைகொடுக்கிறது. ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம். அதை யாரும் திருத்தலாம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது ‘வரலாறு’ பகுதியில் அப்படியே இருக்கும். தவறாக மாற்றிவிட்டால் முந்தைய வடிவத்துக்குத் திரும்பிவிடலாம். இந்த ஒரு வசதிதான் எல்லோருக்கும் திருத்தும் உரிமையைக் கொடுக்கும் துணிச்சலைத் தருகிறது.

விக்கிக்கு வெளியே ஒரு முன்னோடி உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் இருந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், நகல் இயந்திரம் பழுது பார்ப்பவர்களோடு திரிந்து அவர்கள் வேலையைக் கவனித்தார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போதும் காப்பி குடிக்கும்போதும் பேசிக்கொண்ட கதைகளால் என்பதைக் கண்டார். 1996இல் அது நூலாக வந்தது. 1990களில் அதே நிறுவனம் ‘யுரேகா’ என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியபோது, பழுது பார்ப்பவர்களே குறிப்பு எழுதினார்கள். அனுபவமுள்ள சகாக்கள் அதைச் சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயர் குறிப்போடு சேர்ந்தே போனது. மேலிடத்திலிருந்து இறங்கிய கையேட்டைவிட, பெயரோடு வந்த சக தொழிலாளியின் குறிப்பை அவர்கள் நம்பினார்கள். உங்கள் விக்கியிலும் புனைபெயர் வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்புகள் 2006இல் முறையாக அறிவித்த ‘இன்டெலிபீடியா’கூட, யார் எழுதினார் என்பதை மறைக்காமல்தான் இயங்கியது.

முதல் இருபது பக்கங்கள்

கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பணியாளர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகளையும், வாசகர்கள் கேட்கும் கேள்விகளையும் கேட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துவாருங்கள். ஒரே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. இரண்டு வாரம் கழித்து அதிகக் கோடு விழுந்தவை எவையோ அவைதான் உங்கள் முதல் பக்கங்கள். பகுப்புகளை இப்போது யோசிக்க வேண்டாம். இருபது பக்கம் சேர்ந்த பிறகு, எது எதோடு சேர்கிறது என்று அவையே காட்டிக்கொடுக்கும்.

பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

*தொலைந்த புத்தகம்: பணம் வாங்கும் முறை*
*எப்போது: புத்தகத்தைத் தொலைத்துவிட்டதாக மாணவர் எழுதிக் கொடுத்தபின்.*
*1. அக்செஷன் எண்ணை வைத்து, புத்தகம் அச்சில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.*
*2. கிடைத்தால் அதே பதிப்போ புதிய பதிப்போ வாங்கித் தரச் சொல்லுங்கள். பணம் வாங்க வேண்டாம்.*
*3. கிடைக்காவிட்டால் தொகையை நூலகர் முடிவு செய்வார். நாமாகச் சொல்லக் கூடாது.*
*4. ரசீது எண்ணை அக்செஷன் ரெஜிஸ்டரில் குறிப்பு நிரலில் எழுதுங்கள்.*
*அடிக்கடி வரும் சிக்கல்: புத்தகம் தொலையவில்லை, ஷெல்ஃபில் இடம் மாறி இருக்கிறது. பணம் வாங்குமுன் பக்கத்து அடுக்குகளில் ஒருமுறை தேடுங்கள்.*
*பொறுப்பு: கவுண்டர் உதவியாளர். கடைசியாகச் சரிபார்த்தது: ஜூன் 2024.*

இதில் விதியைவிட ‘அடிக்கடி வரும் சிக்கல்’ என்ற வரிக்குத்தான் மதிப்பு அதிகம். விதி சுற்றறிக்கையிலும் இருக்கும். இடம் மாறிய புத்தகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் அப்படி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பொறுப்பு என்ற இடத்தில் ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். ஆள் மாறுவார், பதவி இருக்கும்.

இன்னும் எழுதாத பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்கத் தயங்க வேண்டாம். மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் அது சிவப்பு நிறத்தில் தெரியும். சொடுக்கினால் புதுப்பக்கம் எழுதும் பெட்டி திறக்கும். அப்படி இணைப்பு மட்டும் உள்ள பக்கங்களை மென்பொருளே பட்டியலிட்டுக் கொடுக்கும். உங்கள் நூலகத்துக்கு என்ன தெரியவில்லை என்பதற்கு அதைவிட நேர்மையான பட்டியல் கிடைக்காது.

வாசகருக்காகத் திறந்த விக்கிகள்

பணியாளருக்கு மட்டும் என்று இல்லாமல், வாசகர் முன் விக்கியை வைத்த நூலகங்கள் உண்டு. 2005இல் மெரிடித் ஃபர்காஸ் என்ற அமெரிக்க நூலகர், நூலகங்களில் நன்றாக நடந்தவற்றை உலகின் எந்த நூலகரும் எழுதி வைக்க ஒரு விக்கி தொடங்கினார். அதே காலத்தில் ஓஹையோ பல்கலைக்கழக நூலகத்தில் வணிகத் துறை மாணவர்களுக்கான வழிகாட்டி ஒன்று மீடியாவிக்கியில் வந்தது. ஒரு மாணவருக்குச் சொன்ன பதிலை அன்றே பக்கத்தில் சேர்த்தால் அடுத்த மாணவர் தானே தேடிக்கொள்வார். பின்னாளில் பல நூலகங்கள் பாட வழிகாட்டிகளை லிப்கைட்ஸ் போன்ற கட்டணச் சேவைகளுக்கு மாற்றிக்கொண்டன. வாசகருக்கு மட்டுமான வழிகாட்டியாக இருந்தால் அது வசதிதான். பணியாளர்கள் எல்லோரும் திருத்தும் உள்விக்கிக்கு அது மாற்றாகாது.

தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் நூலகம் திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. இலங்கைத் தமிழ் எழுத்தை எண்ணிமமாகக் காப்பாற்ற 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தளம் மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண், ஒரு பக்கம். ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள், படிக்க இணைப்பு. பலவற்றில் உள்ளடக்கப் பட்டியலையும் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வேலையைக் கவனியுங்கள். ஒரு பழைய சிற்றிதழை ஸ்கேன் செய்து போட்டால் அது படம்தான். அதற்குள் இருக்கும் கட்டுரையைத் தேடல் கண்டுபிடிக்காது. உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்த பின், கட்டுரைத் தலைப்பையோ எழுதியவர் பெயரையோ தேடினால் அந்த இதழின் பக்கம் வந்து நிற்கும். உங்கள் நூலகத்தில் பைண்டு செய்த பழைய இதழ்கள், ஊர் மலர்கள், கல்லூரி ஆண்டு மலர்கள் இருந்தால், ஸ்கேனர் வாங்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்கலாம். இதழுக்கு ஒரு பக்கம், அதில் உள்ளடக்கம், அலமாரி எண். ஆய்வு மாணவருக்கு அதுவே போதும்.

பழைய நூல்களை எழுத்தாக்கி இணையத்தில் வைக்கும் தமிழ் விக்கிமூலத்திலிருந்து இன்னொரு பாடம். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்கள் உட்பட ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம். மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, இன்னொருவர்தான் ஆக்க வேண்டும். உங்கள் பணியிட விக்கியிலும் பக்கத்தின் தலையில் ‘வரைவு’, ‘ஒருவர் பார்த்தது’, ‘இருவர் பார்த்தது’ என்று ஒரு வார்ப்புரு வையுங்கள். வரைவு என்று எழுதியிருந்தால் எழுதுபவருக்குக் கூச்சம் போகும், படிப்பவர் எச்சரிக்கையாக இருப்பார்.

எழுதாமல் இருப்பவர்கள்

விக்கிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில். காரணத்தைச் சோம்பல் என்று சொல்லிவிடக் கூடாது. நம் அலுவலகங்களில் மேலதிகாரி எழுதிய வரியில் கீழே இருப்பவர் கை வைப்பது எளிதல்ல. “மேடம் எழுதினதை நான் எப்படித் திருத்துறது?” என்ற தயக்கத்தில் ஒரு பண்பும் இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. பண்பை மதித்துப் பயத்தைப் போக்க வேண்டும்.

அதைச் செய்ய வேண்டியவர் தலைமையில் இருப்பவர். நூலகரோ மேலாளரோ முதல் சில பக்கங்களை அரைகுறையாகவே எழுதி, “பைண்டிங் கொடுக்கிறது எனக்குச் சரியாத் தெரியல, நீங்க போட்டுடுங்க” என்று அந்த வேலை தெரிந்தவர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் திருத்தியதும், எல்லோர் முன்னிலையிலும் அந்தத் திருத்தத்தைக் காட்டி நன்றி சொல்ல வேண்டும். திருத்தியது தவறாகவே இருந்தாலும் கூட்டத்தில் சுட்டிக்காட்டக் கூடாது. பக்கத்தின் ‘உரையாடல்’ பகுதியில் எழுதுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சேர்ந்து மாற்றுங்கள். ஒரே ஒரு முறை ஒருவரைக் கடிந்துகொண்டால், அந்த அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு யாரும் ‘தொகு’ பொத்தானைத் தொடமாட்டார்கள்.

எல்லை ஒன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தகவல் தவறென்றால் கண்டவரே உடனே மாற்றலாம்: தொலைபேசி எண், படிவத்தின் பெயர், அறை எண், நடைமுறை வரிசை. கட்டணம், தண்டனை, உரிமை போன்ற கொள்கை முடிவுகளை உரையாடல் பகுதியில் எழுப்பி, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் சொன்னபின் மாற்ற வேண்டும். இந்தக் கோடு தெரிந்தால் பலருக்குத் தைரியம் வரும்.

இன்னும் முக்கியமானவர்கள், தட்டச்சு தெரியாதவர்கள். நூலகத்தில் எந்த மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும், பழைய நன்கொடைப் புத்தகங்கள் எந்த அறையில் எந்த வரிசையில் கிடக்கின்றன, ரெஜிஸ்டரில் இல்லாத எண் எப்படி வந்தது என்பதெல்லாம் முப்பது வருடம் அங்கே வேலை பார்த்த அட்டெண்டர் அண்ணனுக்குத்தான் தெரியும். “நீங்களும் விக்கியில எழுதுங்கண்ணே” என்று சுற்றறிக்கை விடுவதில் பயன் இல்லை. ஒரு இளம் பணியாளரை அவரோடு அலமாரி அலமாரியாக நடக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து, அன்றே பக்கமாக எழுதி, மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “அது அப்படி இல்ல தம்பி” என்று அவர் திருத்தும் வரியில்தான் உண்மையான விவரம் இருக்கும். பக்கத்தின் அடியில் ‘விவரம் தந்தவர்’ என்று அவர் பெயர் இருக்கட்டும், அவர் சம்மதத்தோடு. ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துவதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் அவருக்கும் மனம் இருக்காது, உங்களுக்கும் நேரம் இருக்காது.

தமிழில் எழுதும்போது

விக்கியைத் தமிழில் நடத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கவுண்டரில் பேசும் மொழியில் எழுதாத விக்கியைக் கவுண்டரில் இருப்பவர் படிக்கமாட்டார். மீடியாவிக்கியின் பொத்தான்கள் பெரும்பாலும் தமிழில் கிடைக்கின்றன. ஆனால் சில இடங்களில் கவனம் தேவை.

சிறு நிறுவல்களில் தேடல் பெரும்பாலும் சொல்லை அப்படியே ஒப்பிடும். ‘புத்தகம்’ என்று தேடினால், ‘புத்தகத்தை’, ‘புத்தகங்களின்’ என்று எழுதிய பக்கம் வராமல் போகலாம். ஆகவே தலைப்பிலும் முதல் வரியிலும் முக்கியச் சொல்லை வேற்றுமை உருபு சேராமல் ஒருமுறையாவது எழுதுங்கள். அடுத்து, ஒரே பொருளுக்கு நம்மிடம் பல பெயர்கள் உள்ளன. ‘நிலுவையின்மைச் சான்று’ என்று தூய தமிழில் தலைப்பு வைத்தால், ‘நோ டியூ’ என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. பக்கத்தை ஒரே பெயரில் வைத்து, மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் வழிமாற்று (அந்தப் பெயரில் தேடினாலும் இந்தப் பக்கத்துக்கே கொண்டுவரும் இணைப்பு) கொடுங்கள். தேடிக் கிடைக்காமல் ஒருவர் உங்களிடம் வந்து கேட்டால், அவர் எந்தச் சொல்லைத் தட்டினார் என்று கேட்டு அந்தச் சொல்லிலிருந்தும் ஒரு வழிமாற்றுப் போடுங்கள்.

பழைய சுற்றறிக்கைகளை எடுத்து ஒட்டும்போது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் விக்கியில் அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். மாற்றியபின் எண்களையும் தேதிகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த மென்பொருள்

ஐந்து முதல் பதினைந்து பேர் உள்ள நூலகத்துக்கு டோகுவிக்கியைப் பரிந்துரைப்பேன். ஆந்த்ரியாஸ் கோர் 2004இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. தரவுத்தளம் வேண்டாம், பக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். நூலகத்தின் உள்வலையில், பழைய கணினி ஒன்றிலேயே ஓடும். யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று பிரித்துக் கொடுக்கவும் வசதி உண்டு.

ஆயிரக்கணக்கான பக்கங்கள், பட்டியல்கள், வாசகருக்கும் திறந்த தளம் என்றால் மீடியாவிக்கி. ஆனால் சில பக்கங்களைச் சிலருக்கு மட்டும் காட்டுவதற்காக அது வடிவமைக்கப்பட்டதல்ல. வேர்டில் பழகியவர்கள் அதிகம் உள்ள அலுவலகத்துக்கு 2015இல் வந்த புக்ஸ்டாக் பிடிக்கும். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அது அடுக்கும் முறை நூலகர்களுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. அட்லாசியனின் கான்ஃபுளுயன்ஸ் நல்ல கருவி, ஆனால் பயன்படுத்துவோர் கூடினால் தொடர்ந்து கட்டணம் கட்ட வேண்டும். ஒரு வருடம் நிதி வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

எதை எடுத்தாலும் சில விஷயங்கள் விக்கிக்குள் போகவே கூடாது: கடவுச்சொற்கள், பணியாளர் மீதான புகார்கள், எந்த வாசகர் எந்தப் புத்தகம் எடுத்தார் என்ற விவரம். பழைய வடிவங்கள் அழியாமல் இருக்கும் என்பதே விக்கியின் பலம். தவறாக எழுதிய ரகசியத்துக்கும் அது பொருந்தும்.

தோட்ட வேலை

தோட்டத்தைப் போலவே விக்கிக்கும் பராமரிப்பு வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், ஒருவர் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். இந்த வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே எப்போதும் செய்தால் அது அவருடைய விக்கியாகிவிடும், அவர் போனதும் நின்றுவிடும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கங்களை எங்காவது இணைக்க வேண்டும். ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் சேர்க்க வேண்டும். கல்வியாண்டு தொடங்குமுன் ஜூன் மாதத்தில், ‘கடைசியாகச் சரிபார்த்தது’ தேதி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பக்கங்களைப் பொறுப்புப் பதவிக்காரர்களிடம் கொடுங்கள். இப்போதும் சரியாக இருந்தால் தேதியை மாற்றுவார்கள். நடைமுறையே இல்லாமல் போயிருந்தால் பக்கத்தை அழிக்காமல் ‘இப்போது இல்லை’ என்று தலையில் குறியுங்கள். பழைய ரெஜிஸ்டரில் வரும் ஒரு குறியீட்டுக்கு அர்த்தம் தேடி ஒருவர் பத்து வருடம் கழித்து வரக்கூடும்.

வாட்ஸ்ஆப் குழுவில் கேள்வி வந்தால் பதிலை அங்கே எழுத வேண்டாம். பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள். பக்கம் இல்லையென்றால் முதலில் எழுதிவிட்டு அனுப்புங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும், அதனால் எதுவும் கெட்டுவிடாது. இதை நான்கைந்து பேர் விடாமல் செய்தால் மற்றவர்கள் முதலில் விக்கியில் தேடிவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள்.

கடைசியாக, பிரதி. டோகுவிக்கி என்றால் தரவுக் கோப்புறை முழுவதையும், மீடியாவிக்கி என்றால் தரவுத்தளத்தோடு படங்கள் உள்ள கோப்புறையையும் மாதம் ஒருமுறை வேறொரு வட்டில் எடுத்து, அந்த வட்டை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிரதியை இன்னொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப வேண்டாம். வட்டு எங்கே இருக்கிறது, எப்படி மீட்பது என்ற பக்கத்தை மட்டும் அச்சிட்டு நூலகர் மேசை இழுப்பறையில் வையுங்கள். விக்கி திறக்காத நாளில் அந்தப் பக்கத்தை விக்கியில் படிக்க முடியாது.